மட்டக்களப்பிலிருந்து பழைய சாமான் வெளிநாட்டுக்கு விற்பது: அப்பாவின் பயத்திலிருந்து தொடங்குங்கள்

தங்கச்சி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். மட்டக்களப்பு நகரில் அப்பப்பா தொடங்கிய பழைய சாமான் கடையை இப்போது அப்பாவும் சித்தப்பாவும் நடத்துகிறார்கள். பாசிக்குடாவுக்கு வரும் சுற்றுலாக்காரர் சிலரும், திருவிழாவுக்கு ஊர் வரும் கனடா, லண்டன் உறவுகளும்தான் நல்ல விலை கொடுக்கிற ஆட்கள். அவர்கள் வருவது வருடத்தில் கொஞ்ச நாள்தான். அதனால் இணையத்தில் விற்று நேரடியாக அனுப்பப் பார்க்கிறீர்கள். "போட்டோ எடுத்துப் போட்டால் விற்கும்" என்கிறார் சித்தப்பா. "கஸ்டம்ஸில் பிடிபட்டால் கடையே போய்விடும்" என்கிறார் அப்பா. எந்தத் தளம், எந்தக் கூரியர், காசு எப்படி வரும் என்பவைதான் உங்கள் கேள்விகள்.

தளமும் கூரியரும் கடைசி விஷயங்கள். அப்பாவின் பயத்துக்குத்தான் முதலில் பதில் வேண்டும், ஏனென்றால் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

இலங்கையிலிருந்து பழம்பொருளை வெளியே கொண்டுபோவதை இரண்டு சட்டங்கள் கட்டுப்படுத்துகின்றன. ஒன்று 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், மற்றது 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டம். ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். இப்படியான பொருட்களை வாங்கி விற்கிற வியாபாரத்துக்கே உரிமம் வேண்டும் என்று 1988 சட்டம் சொல்வது கடைக்காரர்களிலும் கனபேருக்குத் தெரியாது. இரண்டுக்கும் போகவேண்டிய இடம் தொல்பொருள் திணைக்களம். தலைமையகம் கொழும்பு 7, சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் இருக்கிறது. கடையின் பெயர்ப் பதிவு அப்பப்பா காலத்தோடு நின்றிருந்தால், முதலில் பிரதேச செயலகத்தில் அதைச் சரிபார்த்துக்கொண்டு அங்கே போங்கள்.

எத்தனை வருடம் ஆனால் பழம்பொருள்? சுங்கத்திலும் பயணிகளுக்கான அறிவுறுத்தல்களிலும் பொதுவாகச் சொல்லப்படுவது 50 வருடம். அதைத் தாண்டிய எதுவானாலும் திணைக்களத்துக்குக் காட்டாமல் அனுப்புவதில்லை என்று கடைக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இந்த நாட்டின் பெயர் இலங்கைக் குடியரசு என்று மாறியது 1972 மே 22இல். ஆகவே நாட்டின் பெயராகச் "சிலோன்" என்று அச்சடித்த தகரப் பேணி, போத்தல், பலகைப் பெட்டி பெரும்பாலும் இன்றைக்கு அந்தக் கோட்டுக்கு அப்பால். விலை அற்பமாக இருக்கலாம், வயது வயதுதான்.

இனி, பேச்சே எடுக்கக்கூடாத சாமான்கள். யானைத்தந்தச் சீப்பு, ஆமையோட்டுப் பெட்டி, புலிநகம், மான்கொம்பு, பவளப்பாறைத் துண்டு, அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் விரும்பி வாங்கிய முள்ளம்பன்றி முள் பெட்டி, இவை எதையும் படம்கூடப் போடவேண்டாம். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரவளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இங்கே பிடிக்கும். வாங்குகிற நாட்டில், அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையை ஒட்டிய சட்டம் பிடிக்கும். தந்தத்துக்கு அமெரிக்கா 2016இலேயே கதவை ஏறக்குறைய முழுதாகச் சாத்திவிட்டது. பிரித்தானியாவின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. "அப்பப்பா காலத்தது" என்பது எந்தச் சுங்க மேசையிலும் பதிலாகாது. சங்கு வகைகளையும் அனுமதி பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

கோயில் சாமான் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். யுத்த காலத்தில் எங்கள் பக்கத்தில் எத்தனையோ கோயில்கள் பூசையில்லாமல் பூட்டிக்கிடந்தன. சனம் இடம்பெயர்ந்தது. அந்த இடைவெளியில் மணி, தீபத்தட்டு, விக்கிரகம், சிலம்பு எல்லாம் கைமாறின. இன்றைக்கு ஒருவர் துணியில் சுற்றிக் கொண்டுவந்து "எங்கள் வீட்டுச் சாமியறையில் இருந்தது" என்று சொன்னால் உங்களிடம் அதைச் சரிபார்க்க வழியில்லை. விக்கிரகத்தையும் கோயில் பெயர் பொறித்த எதையும் கடைக்குள்ளேயே எடுக்காதீர்கள். ஏட்டுச்சுவடியும் அப்படித்தான். வைத்திய ஏடோ, கூத்து ஏடோ, காவிய ஏடோ, கனடாவில் ஒருவர் சுவரில் மாட்டுவதற்காகப் போகவேண்டிய பொருள் அது அல்ல. கொண்டுவருகிறவரிடம் கிழக்குப் பல்கலைக்கழகத்தையும், எண்ணிமப்படுத்துகிற நூலக நிறுவனத்தையும் சொல்லுங்கள். அதில் உங்களுக்கு ஒரு சதமும் வராது. ஆனாலும் செய்யவேண்டியது அதுதான்.

இத்தனையும் தள்ளிவிட்டால் என்ன மிஞ்சும் என்று சித்தப்பா கேட்பார். நிறையவே மிஞ்சும். எட்சி (Etsy) என்ற இணைய விற்பனைத் தளத்தில் 20 வருடம் ஆன பொருளையே "வின்டேஜ்" என்று விற்கலாம். இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் ஒரு பெரிய வயல் கிடக்கிறது. எண்பதுகளில் சீதனமாகக் கொடுத்த பித்தளைச் செம்பு, குத்துவிளக்கு, தாம்பாளம், வெற்றிலைத் தட்டம், படிக்கம், பாக்குவெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், சீன எனாமல் கோப்பை, ட்ரான்சிஸ்டர் ரேடியோ, பிரிக்காமல் பெட்டிக்குள் கிடந்த மருதமுனைக் கைத்தறிச் சேலை எல்லாம் அதற்குள் வரும். ஆறு மாதமாவது இந்த வயலுக்குள் மட்டும் நின்று பழகுங்கள். ஐம்பதைத் தாண்டிய நல்ல பொருட்களை ஒவ்வொன்றாக அனுமதிக்குப் போட்டு வையுங்கள். அனுமதி வந்த பொருளை அந்தப் பத்திரத்தின் படத்தோடு விற்கும்போது விலையே வேறாக இருக்கும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர் அந்தக் கடதாசிக்குத்தான் காசு கொடுக்கிறார்.

வயதை எப்படி மட்டுக்கட்டுவது? இதில் அப்பாவின் கண்தான் முதல் கருவி, ஆனால் சாமானின் அடிப்பக்கமும் கதை சொல்லும். 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்றின்படி 1891இலிருந்து அந்த நாட்டுக்குப் போகிற சாமானில் செய்த நாட்டின் பெயர் இருக்கவேண்டியிருந்தது. கோப்பையின் அடியில் "இங்கிலாந்து" என்று மட்டும் இருந்தால், பெரும்பாலும் அதற்குப் பிறகு செய்தது. "மேட் இன்" என்ற சொல்லும் சேர்ந்து வருவது அதற்கும் பிந்திய வழக்கம். "செக்கோசிலவாக்கியா" என்று இருந்தால் 1918க்கு முன்னர் செய்ததாக இருக்கவே முடியாது. "ஒக்யுபைட் ஜப்பான்", அதாவது ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான், என்றால் 1945க்கும் 1952க்கும் இடைப்பட்டது. பித்தளையில் இந்த வசதி குறைவு. அங்கே பார்க்கவேண்டியது பொறித்த பெயர். எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்குக் கொடுத்த செம்பிலும் அண்டாவிலும் பெண்ணின் முதலெழுத்தும் சில வேளை வருடமும் வெட்டியிருப்பார்கள். அதை அராவி அழித்துவிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அழிக்காதீர்கள், பொருளின் பிறப்புச் சாட்சி அது ஒன்றுதான்.

இனி நான் முக்கியமாகச் சொல்லவந்தது. ஒரு பொருளைப் பற்றி இணையத்தில் எழுதுவது, வாங்குகிறவருக்கு வட்ஸ்அப்பில் சொல்வது, விலைச்சிட்டையில் போடுவது, சுங்கப் படிவத்தில் நிரப்புவது, இந்த நாலும் ஒரே பேச்சாக இருக்கவேண்டும். புதுக்கடைகள் விழுகிற குழி இதுதான். விற்பனைப் பக்கத்தில் "ஒல்லாந்தர் காலம், 200 வருடப் பழமை" என்று போட்டுவிட்டு, சுங்கப் படிவத்தில் "பாவித்த சமையல் பாத்திரம், 15 டொலர்" என்று எழுதுவார்கள். முதலாவது உண்மையானால் அனுமதியில்லாமல் தொல்பொருள் கடத்துகிறீர்கள். இரண்டாவது உண்மையானால் வாங்குகிறவரை ஏமாற்றுகிறீர்கள். சுங்க அதிகாரிக்கு உங்கள் பக்கத்தைத் தேடிப் பார்க்க ஒரு போன் போதும்.

சுங்கக் குறியீட்டிலும் இதே கதை. உலகம் முழுக்கப் பாவிக்கிற எச்எஸ் அட்டவணையில் 100 வருடம் கடந்த பழம்பொருளுக்கு 9706 என்று தனித் தலைப்பு உண்டு. பல நாடுகளில் அதற்கு வரி குறைவு. ஆசைதான் வரும். ஆனால் 9706 என்று எழுதிய கணமே, "அப்படியானால் அனுமதி எங்கே" என்று கொழும்பில் கேட்பார்கள். நாற்பது வருடப் பித்தளைச் செம்பு 7418இல் வரும் வீட்டுப் பாத்திரம், அவ்வளவுதான். அடுப்படியில் புழங்கிய சாமானை அப்படியே சொல்லி விற்றால் வாங்க ஆள் இருக்கிறது.

அதனால் ஒரு கொள்வனவுக் கொப்பி போடுங்கள். யாரிடம், எந்த ஊரில், என்ன திகதியில், எவ்வளவுக்கு வாங்கியது, விற்றவரின் அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து, பொருளின் படம், எடை, அளவு. பழைய இருப்புக்கு இதெல்லாம் கிடைக்காது. 1978 சூறாவளியிலும் யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் எங்கள் ஆட்களின் உறுதியும் சிட்டையும் எத்தனையோ போய்விட்டன. போனதற்குப் பொய்க் கடதாசி செய்யாதீர்கள். அப்பாவை உட்காரவைத்து, ஒவ்வொரு சாமானும் எப்படிக் கடைக்கு வந்தது என்று அவர் சொல்வதைத் திகதி போட்டு எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது வெறுங்கையோடு நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

படம் எடுப்பதற்கு முன்னர் யாருக்கு விற்கிறீர்கள் என்று தீர்மானியுங்கள், ஏனென்றால் இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். ரொறன்ரோவில் சாமியறைக்குக் குத்துவிளக்குத் தேடுகிற எங்கள் ஆட்களுக்கு அது பளபளக்கவேண்டும், ஐந்து முகமும் சரியாக இருக்கவேண்டும், எண்ணெய் ஒழுகக்கூடாது. சேகரிப்பாளருக்கோ அந்தப் பளபளப்பே எதிரி. பல வருடக் கைபட்டு ஏறிய கரும்பொன் நிறத்தைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டால் அவருடைய பார்வையில் பொருளின் பாதி போய்விட்டது. தேய்த்ததைத் திருப்பி ஏற்ற முடியாது. ஆகவே, கேட்டு விற்ற பிறகு மட்டும் தேய்ப்பது என்பதைக் கடை வழக்கமாக்குங்கள். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டால் போதும்.

பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத இடத்தில், வெள்ளைத் துணிமேல் வைத்து எடுங்கள். முன், பின், அடி, உள்வாய், பொறித்த எழுத்து, ஒடுக்கு விழுந்த இடம், ஈயம் பற்றவைத்த இடம், பக்கத்தில் ஓர் அடிமட்டம். ஒடுக்கையும் பற்றவைப்பையும் மறைக்கவே வேண்டாம். "சொன்னபடி இல்லை" என்று வாங்கினவர் முறைப்பாடு போட்டால் ஈபே பெரும்பாலும் அவர் பக்கம்தான் நிற்கும், திருப்பி அனுப்புகிற செலவும் உங்கள் தலையில். கனடாவிலிருந்து ஒரு விளக்கு திரும்பி வருகிற கூலி பல வேளை விளக்கின் விலையைத் தாண்டிவிடும்.

கட்டுவதற்கு வருவோம். சர்வதேசக் கூரியர்கள் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்றிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்து, வருவதும் உண்மை நிறையும் எது கூடவோ அதற்குக் காசு எடுப்பார்கள். ஒன்பது கிலோ குத்துவிளக்கை நிமிர்த்தியபடி 95க்கு 35க்கு 35 பெட்டியில் வைத்தால் கணக்கு 23 கிலோவைத் தாண்டும். அதே விளக்கைக் கழற்றி 45க்கு 35க்கு 25 பெட்டிக்குள் அடக்கினால் கனஅளவு எட்டு கிலோவுக்குள் வந்துவிடும், ஒன்பது கிலோவுக்கே கட்டலாம். பித்தளை கனம்கூடிய உலோகம். கனத்துக்குக் கொடுக்கலாம், காற்றுக்குக் கொடுக்கக்கூடாது.

கழற்றும்போது அவசரப்படாதீர்கள். பழைய புரிகள் களிம்பேறி இறுகியிருக்கும். தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஓர் இரவு வைத்து, துணி சுற்றிக் கையால் திருகுங்கள். குறடு போட்டால் தண்டில் பல்லுப் பதியும். பாதம், தண்டு, தட்டு, அன்னம் நாலையும் தனித்தனியாகக் கடதாசியில் சுற்றி, அதற்குமேல் பபிள் சீற். புரி இருக்கிற முனைக்குத் தடித்த அட்டைத் தொப்பி. பாதம்தான் கனம், அது பெட்டியின் அடியில் நடுவில் இருக்கவேண்டும். பிறகு பெட்டிக்குள் பெட்டி, இரண்டுக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் ஐந்து சென்றிமீற்றர் அமுக்கி நிரப்புங்கள். ஒட்டுமுன் தூக்கிக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே சத்தம் கேட்டால் திரும்பப் பிரியுங்கள். பெட்டி விமானத்தில் ஏறுவதற்கு முன்னர் கொழும்புக்கு இரவு பஸ்ஸின் அடித்தட்டில் போகப்போகிறது என்பதை நினைத்துக்கொண்டு கட்டுங்கள். திரும்பப் பூட்டுகிற முறையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு துண்டில் எழுதி உள்ளே வையுங்கள்.

வைக்கோல், பலகைத்தூள், ஓலை எதையும் நிரப்பப் பாவிக்காதீர்கள், பயிர்த்தொற்றுப் பரிசோதனையில் நிறுத்துவார்கள். அவுஸ்திரேலியா இதில் மிகக் கடுமை. உளு விழுந்த மரச்சாமானை அங்கே அனுப்பினால் மருந்தடிக்கிற செலவு வாங்குகிறவரிடம் போகும், அல்லது பொருளையே அழிப்பார்கள். மரக்கட்டையால் அடித்த பெட்டியென்றால், மரப்பொதிக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்பிஎம் 15 முத்திரை வேண்டும். அதாவது மரத்தின் உட்பகுதி 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டிருக்கவேண்டும், அல்லது புகையூட்டப்பட்டிருக்கவேண்டும். பிளைவூட் பெட்டிக்கு அது தேவையில்லை. அரிக்கன் லாம்பும் பெற்றோமாக்ஸும் நல்லாய்ப் போகும் சாமான்கள், ஆனால் மண்ணெண்ணெய் மணம் துளியும் இருக்கக்கூடாது. எரிபொருள் மிச்சமுள்ள பொருளை விமானத்தில் ஏற்றமாட்டார்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, மூடி திறந்தபடி காயவிடுங்கள். பழைய மென்டிலை, அதாவது சுடர்விடுகிற வலைப்பையைக் கழற்றி எடுத்துவிடுங்கள், அந்தக் காலத்து மென்டில்களில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது.

சித்தப்பா ஆசைப்படுகிற பெட்டகமும் அலுமாரியும் இப்போதைக்கு வேண்டாம். கருங்காலியும் முதிரையும் தனி அனுமதி கேட்கும். கப்பலில் கனமீற்றர் கணக்கில் கட்டணம், முகவர் கூலி, அங்கே இறக்குகிற கூலி எல்லாம் சேர்ந்து புதுக்கடையால் தாங்கமுடியாது. ஒரு கிலோவுக்கு உட்பட்ட சாமானில் தொடங்குங்கள். பாக்குவெட்டிக்கென்றே உலகத்தில் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். இருநூறு முந்நூறு கிராம், உடையாது, சிறிய பெட்டி. வாயை மூடி நூலால் கட்டி அனுப்பவேண்டியதுதான். சிறிய பொதிக்கு மட்டக்களப்புத் தபாலகத்திலிருந்து ஈஎம்எஸ் என்ற விரைவுத் தபால், பெறுமதியானதுக்குக் கூரியர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வாங்குகிறவர் பக்கத்து வரியைத் தளத்திலேயே வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அமெரிக்காவுக்கு 800 டொலர் வரை வரியில்லாமல் போன காலம் 2025 ஓகஸ்ட் 29உடன் முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையிலிருந்து முதல் யூரோவுக்கே வற் வரி உண்டு. பழைய காலத் தொல்பொருட்களுக்கு அங்கே 2025 ஜூன் 28இலிருந்து தனி இறக்குமதி விதிகளும் வந்துவிட்டன. கனடாவில் தபாலில் வருகிற பொதிக்கு 20 கனேடிய டொலருக்கு மேல் வரி தொடங்கும். மாமி, மச்சான் என்று உறவுக்காரர் "கிஃப்ட் என்று எழுது மகள்" என்பார்கள். காசு வாங்கிய சாமானை அன்பளிப்பு என்று எழுதக்கூடாது, உறவானாலும் எழுதக்கூடாது. பொதி தொலைந்தால் காப்புறுதியும் எழுதிய பெறுமதிக்கு மேல் தராது.

காசு விஷயம் சுருக்கம். ஈபேயில் விற்றால் இலங்கை விற்பனையாளருக்குப் பேயோனியர் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவை வழியாகத்தான் பணம் வரும். அதிலிருந்து கடையின் வங்கிக் கணக்குக்கு மாற்றலாம். கடையின் பெயர், வங்கிக் கணக்கின் பெயர், பேயோனியர் பெயர் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். தொடக்கத்தில் விற்பனை எல்லையும் பணம் பிடித்துவைப்பும் இருக்கும். ஆகவே முதல் விற்பனைக் காசை நம்பி அடுத்த சாமான் வாங்காதீர்கள். விலை போடுமுன் ஈபேயில் "விற்றுமுடிந்தவை" என்ற வடிகட்டியை அழுத்திப் பாருங்கள். கேட்கிற விலையைப் பார்த்து மயங்கவேண்டாம், கொடுத்த விலைதான் சந்தை.

வேலையை வீட்டுக்குள் பிரிப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். எது போகலாம், எது போகக்கூடாது என்பதில் கடைசிச் சொல் அப்பாவுடையதாக இருக்கட்டும். கட்டுவது சித்தப்பா, அவருக்குக் கை பழகினால் அவரே "போட்டோ போட்டால் விற்கும்" என்ற பேச்சை விட்டுவிடுவார். எழுத்தும் படமும் கடிதத் தொடர்பும் நீங்கள்.

அனுப்பிய ஒவ்வொரு பொதிக்கும் சுங்கப் படிவம், விலைச்சிட்டை, அனுமதி, கட்டுமுன் எடுத்த படம் நாலையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். சாமான் திரும்பி வந்தால், இது இங்கிருந்தே போனது என்று காட்ட அதுதான் வேண்டும். இல்லாவிட்டால் சொந்தச் சாமானுக்கே இறக்குமதி வரி கட்டச் சொல்லக்கூடும். முதல் பொதியாக ஒரு பாக்குவெட்டியை லண்டனில் தெரிந்த ஒருவருக்கு உண்மையான விலைக்கே விற்று அனுப்பி, எந்த இடத்தில் எத்தனை நாள் நின்றது, அங்கே என்ன கட்டினார், பெட்டி எந்த மூலையில் நசிந்தது என்று படத்தோடு கேட்டு எழுதிவையுங்கள்.